பெருந்தாழி ஏரியின் கோடைநீர்

திருவும் நீரும் நிறைக. வானம் வழக்கம் தவறாதிருக்க. கரை காப்போர் கண்ணயராதிருக்க.

கீழைக்கடல் பதினெட்டுத் துறைக்கும் உள்நாட்டு நூற்றிரண்டு ஏரிக்கும் காவல் பூண்டு, மணற்குடி அரியணையில் வீற்றிருந்து மாம்பொழில் நாட்டை ஆளும் செங்கழுநீர்ப் பெருந்தேவியாகிய யாம், எமது எட்டாம் ஆட்சியாண்டு சித்திரைத் திங்கள் நான்காம் நாள் விடுக்கும் திருமுகம்.

ஏற்றங்குறிச்சிக் கூற்றத்துக்கு அரையரும், பெருந்தாழிப் பேரேரிக்குக் காவலரும், எம்மைப் பெற்றவளுக்கு உடன்பிறந்தவரும், முடிசூட்டு நாளில் எம் தலைக்குப் பெரிதாயிருந்த மணிமுடியைச் சரியாமல் பின்னின்று தாங்கிப் பிடித்தவருமாகிய அம்மான் கண்டன் வேட்டரையர் கண்டு தெளிவாராக. தங்கள் மனையும் மக்களும் கன்றுகாலிகளும் நலமுடன் விளங்குக. அத்தையாரின் முழங்கால் வலி தணிந்ததென்று கேட்டு மகிழ்ந்தோம். யாம் விடுத்த தைலத்தாலன்று, தாமே காய்ச்சிய தைலத்தால் தணிந்ததென்று அவர் சொல்லியனுப்பியதையும் கேட்டோம். அவ்வாறே ஆகுக.

இவ்வோலை முழுவதும் தண்ணீரைப் பற்றியது. ஆகவே தங்களை நீர் என்று விளித்தால் ஏரியை விளித்ததாக எவரேனும் படித்துவிடக்கூடும் என்று அஞ்சித் தாங்கள் என்றே எழுதச் செய்கிறோம். இது விளையாட்டுச் சொல்லன்று. ஓரெழுத்தின் மயக்கத்தால் இந்நாட்டில் என்ன நேர்ந்தது என்பதைத் தாங்கள் இவ்வோலையின் முடிவுக்குள் அறிவீர்கள்.

செய்தி யாதெனின், கடைமடை ஊராகிய நெடுவாய்க்காலில் முந்நூற்றுப் பன்னிரண்டு குடியினரும் தத்தம் வீட்டுக் கதவுகளைக் கழற்றிவிட்டனர். அவ்வூர் வழக்கம் தாங்கள் அறிந்ததே. மீண்டு வரும் எண்ணமுள்ளவர் கதவைப் பூட்டிச் செல்வர். மீளா எண்ணமுள்ளவர் கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றிச் செல்வர். கதவுகள் இப்போது திறந்த வாசல்களின் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நிற்கின்றன. இன்றைக்குப் பத்தாம் நாள் சித்திரைப் பூரணை. அன்று காலை வண்டி கட்டி எல்லை கடப்பதென்று ஊர் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். விதைநெல்லை ஈராண்டுக்கு முன்பே உண்டுவிட்டவர்களிடம் இன்னும் ஓராண்டு பொறுங்கள் என்று சொல்ல எமக்கு நாவெழவில்லை.

இதைக் கேட்டபின் அமைச்சர் அவையைக் கூட்டினோம். தண்ணீர்ப் பஞ்சம் தீர்க்கும் வழிகள் பல அங்கே எடுத்துரைக்கப்பட்டன. அவற்றுள் முதலாவது தாங்கள் பங்குனியில் எழுதியனுப்பிய வழியே. ஏரியின் மிகுநீர் வழியும் கலிங்கை இரண்டு முழம் உயர்த்தினால் ஏரி கொள்ளும் நீர் பெருகும், பெருகினால் தங்கள் ஊராகிய தலைமடையும் கடைமடையும் ஒருங்கே பிழைக்கும் என்றீர்கள். நல்லெண்ணத்தால் எழுதினீர்கள் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் ஏரிக்கணக்கரை அழைத்து, கடந்த ஆறாண்டில் கலிங்கு வழிந்த நாட்கள் எத்தனை என்று கேட்டோம். ஒரே ஒருமுறை, அதுவும் நாலே நாள் என்று அவர் விடையிறுத்தார். வழியாத கலிங்கை உயர்த்தி யாருக்கு என்ன பயன்? பானையைப் பெரிதாக வனைந்தால் பசு கூடுதலாகக் கறக்குமா, அம்மான்? அன்றியும், என்றோ ஒருநாள் பெருமழை பெய்து ஏரி நிரம்பினால் மேற்கரை இடையர்களின் நாற்பது வீடும் பட்டிகளும் நீருக்குள் போகும். நெடுவாய்க்காலார் கதவைக் கழற்றாமலிருக்க இடையர்கள் தம் கதவைக் கழற்ற வேண்டும் என்பது நீதியாகாது.

அமைச்சர் இளங்காரியாரோ அண்டை நாட்டு ஆற்றிலிருந்து புதுக்கால் வெட்டலாம் என்றார். படம் எழுதிக் கொண்டுவந்திருந்தார், அழகிய படம். ஏழாண்டு வேலை, இரண்டு குன்றுகளைக் குடைய வேண்டும், அண்டை வேந்தர் இசைய வேண்டும். யாம் கேட்டது ஒன்றே. அந்த ஆற்றுக்கும் ஒரு கடைமடை உண்டல்லவா, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டோம். அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டார். முற்றிலும் தள்ளவில்லை, பெருவெள்ளக் காலத்து மிகுநீரை மட்டும் கேட்டுப் பெறலாமா என்று ஆராயுமாறு பணித்திருக்கிறோம். அது எம் பிள்ளைகள் காலத்து வேலை.

கிணறு தோண்டலாம் என்றனர் வேறு சிலர். தோண்டியும் பார்த்தாயிற்று. நெடுவாய்க்காலில் இருபது கிணறு வெட்டினர். முதலாண்டு இளநீர்போல இருந்தது. மூன்றாமாண்டு பதினாறு கிணற்றில் உப்புக் கரித்தது. மேலே நீரை அள்ள அள்ளக் கீழே கடல் வந்து நிற்கிறது. எஞ்சிய நான்கைக் குடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுமாறும், அவற்றில் கவலை கட்டி மாடு பூட்டி வயலுக்கு இறைக்கலாகாதென்றும் ஆணையிட்டோம்.

தூர்வாரும் வேலையை எல்லோரும் ஒப்பினர், யாமும் ஒப்பினோம். ஏரியின் வயிற்றில் மூன்று முழம் வண்டல் கிடக்கிறது. ஆனித் திங்களில் தொடங்குக. வண்டலை இரு மடையாரும் பாதிப்பாதி தம் வயலுக்கு ஏற்றிக்கொள்க. ஆனால் ஆனியில் எடுக்கும் மண் சித்திரையில் புறப்படும் வண்டியை நிறுத்துமா?

இவ்வளவும் பேசியபின் எஞ்சியது ஒன்றுதான். புதுநீர் தேடுவது இருக்கட்டும், இருக்கும் நீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காகவே பங்குனிக் கடைசியில் முன்னறிவிப்பின்றிப் பெருந்தாழிக்கு வந்தோம். தங்கள் மாளிகைக்கு வராமல் ஏரிக்குள் இறங்கினோம் என்று தாங்கள் மனம் வருந்தியதாகக் கேள்வி. விருந்துக்கு வந்தால் விருந்தோடு திரும்பிவிடுவோம் என்பது எமக்குத் தெரியும். அத்தையாரின் கைப்பக்குவம் அத்தகையது.

அங்கே எமக்கு வழிகாட்டியவள் சாத்தி. நெடுவாய்க்காலின் நீர்பாய்ச்சி. மதகு திறந்ததும் நீருக்கு முன்னே கோலூன்றி நடந்து, வயலுக்கு வயல் கூவி, யார் மடை எப்போது திறப்பது எப்போது அடைப்பது என்று முறை சொல்பவள். ஆறு வேனிலாக அவளுக்கு நீரில்லை. ஆயினும் ஆண்டுதோறும் மூன்று காத வாய்க்காலையும் நடந்து முள்ளை வெட்டிக்கொண்டிருக்கிறாள். எதற்கென்று கேட்டோம். அவள் சொன்னதை அவள் வாய்மொழியாகவே எழுதச் செய்கிறோம்: “தண்ணிக்கு வழி மறந்துபோயிரும், தாயே. நாங்க மறந்தாலும் வாய்க்கா மறக்கப்படாதில்ல.”

அவள் எம்மைக் கரையோரமாக அழைத்துச் சென்று இரண்டு மதகுகளைக் காட்டினாள். மேல்மதகு தங்கள் ஊருக்கு. அதன் வாய் உயரத்தில் இருக்கிறது. ஏரி பாதிக்கு மேல் நிற்கும் வரையில்தான் அதில் நீர் ஏறும். அடிமதகு நெடுவாய்க்காலுக்கு. அதன் வாய் ஏரிப் படுகையோடு ஒட்டிக் கிடக்கிறது. அந்த வாயைக் களிமண்ணும் கருங்கல்லும் கொண்டு அடைத்திருந்தார்கள். அடைப்பின்மேல் புல் முளைத்திருந்தது. மேல்மதகின் வாய்க்குக் கீழே ஐந்து முழ நீர் நின்றது. அதைத் தங்கள் ஊரார் அறுபது ஏற்றங்களால் இறைத்துக் கரும்புக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நாளொன்றுக்கு வெயில் குடிப்பது ஒரு விரற்கடை, ஏற்றங்கள் குடிப்பது இரண்டு விரற்கடை என்று ஏரிக்கணக்கர் கோல் நட்டு அளந்து சொன்னார்.

யாம் இரு மதகு வாய்களின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். மதகு கட்டிய முன்னோர் கல்லைக் காரணமின்றி வைக்கமாட்டார்கள். நீர் மேலே நிற்கும் மழைக்காலத்துக்குத் தலைமடை. நீர் கீழே இறங்கும் வெயிற்காலத்துக்குக் கடைமடை. கண்ணுள்ளவர் எவரும் படிக்கக்கூடிய எழுத்து அது. ஓலையைப் படித்த அளவுக்குக் கல்லைப் படித்திருந்தால் இத்துயரம் நேர்ந்திராது.

இனி எழுதப்போகும் பகுதியில் யாம் என்று எழுதச் செய்யவில்லை. நான் என்றே எழுதச் செய்கிறேன். பிழை செய்தது அரியணையன்று, நான்.

என் இரண்டாம் ஆட்சியாண்டில் இரு மடையாரும் வழக்கோடு அவைக்கு வந்தது தங்களுக்கு நினைவிருக்கும். முன்னோர் எழுதிய பழைய உடன்படிக்கை ஓலையைக் கொண்டுவந்தார்கள். ஓலை வாசிப்பவர் கைநீட்டியபோது, நானே படிப்பேன் என்று வாங்கிக்கொண்டேன். கற்றவள் என்ற செருக்கு. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று எழுதுவோர் புள்ளி வைப்பதில்லை. குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான். ஆகவே வெயில் காயும் கோடையும் கை வழங்கும் கொடையும் ஏட்டில் ஒன்றுபோலவே கிடக்கும். பெருந்தாழி ஏரியின் கோடைநீர் கடைமடைக்கு என்று அதில் எழுதியிருந்தது. நான் கொடைநீர் என்று படித்தேன். அதாவது, தலைமடையார் மனமுவந்து கொடுத்தால் கடைமடைக்கு உண்டு, கொடாவிட்டால் இல்லை என்று பொருள் சொன்னேன். அவையோர் என் புலமையை வியந்தார்கள். அறப்படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்பார்களே, அந்தப் பானை என் பெயரிலேயே இருக்கிறது.

அப்போது கடைமடையார் கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, கோடை தாயே, கோடை என்று சொன்னாள். நெடுவாய்க்காலார் எதையும் நீட்டிப் பேசுபவர்கள். கொடியைக் கோடி என்பார்கள், பொடியைப் போடி என்பார்கள் என்று தலைநகரில் அவர்களைக் கேலி பேசுவது வழக்கம். அவளும் கொடை என்பதைத்தான் நீட்டிச் சொல்கிறாள் என்று அவையோர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள்தான் சாத்தி.

ஏரிக்கரையில் அவளை அடையாளம் கண்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று மீண்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் விடையையும் அப்படியே எழுதச் செய்கிறேன்: “நாங்க எப்பிடிச் சொன்னாலும் நீட்டித்தானே தாயே கேக்கும். எத்தன தடவ சொல்ல?” இதைச் சினமின்றிச் சொன்னாள். சினந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அம்மான், தங்கள்மீது குற்றமில்லை. அரசி படித்துச் சொன்ன தீர்ப்பைத் தாங்கள் நம்பினீர்கள். நம்பி ஊராருக்கு வாக்களித்தீர்கள். ஊரார் கரும்பு நட்டார்கள். அந்தத் தீர்ப்பை இன்று நானே மாற்றினால் தங்கள் ஊரார் முன் தங்கள் சொல் தாழும் என்பதை அறிவேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. அம்மானும் மருமகளும் ஆனாலும் அப்படியே. தங்கள் ஊரார் கேட்டால் அரையர் சொல் தவறவில்லை, அரசி படித்ததுதான் தவறு என்று சொல்லுங்கள். இவ்வோலையையே சான்றாகக் காட்டுங்கள். என் மணிமுடி சரியாமல் தாங்கியவர் தாங்கள். தங்கள் தலை குனியாமல் காப்பது என் கடன்.

இனி யாம் ஆணையிடுவதாவது.

ஏரிப் படுகையில் இரண்டு கல் நடப்படும். மேற்கல் மேல்மதகின் வாய் மட்டத்தில். நீர் அக்கல்லுக்குக் கீழே இறங்கிய நாள்முதல் தலைமடை ஏற்றங்கள் அறுபதும் நிற்க வேண்டும். இவ்வாண்டு மட்டும், நட்டுவிட்ட கரும்பு கருகாதிருக்க இருபது ஏற்றங்கள் வைகாசி முடியும்வரை இறைக்கலாம். அதன்பின் கரும்பு நடுதல் ஒழிக, வெயிற்காலத்துக்கு எள்ளும் பயறும் விதைக்க. கரும்பு வெட்டும் கூலியாட்கள் வேலையின்றி வாடாதபடி, தூர்வாரும் வேலை முதலில் அவர்களுக்கே உரியதாகுக. கீழ்க்கல் ஏரியின் அடியில் ஒரு முழ உயரத்தில். நீர் அதைத் தொட்டதும் அடிமதகும் மூடப்படும். அந்த ஒரு முழம் மாட்டுக்கும் மீனுக்கும் குடத்துக்கும் உரியது; அதை அரசியும் கேட்கலாகாது. கடைமடையார் தம் முறை வந்ததென்று கண்டபடி பாய்ச்சவும் வேண்டா. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது அவர்களுக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

அடிமதகின் அடைப்பு நீக்கப்படும். ஆறாண்டு காய்ந்த வாய்க்கால் முதலில் தானே குடிக்கும். மூன்று காதம் கடந்து கடைசி வயலைத் தொட நீருக்கு ஐந்து நாள் ஆகும் என்று சாத்தி கணக்குச் சொல்கிறாள். பூரணைக்கு முன் அது சென்று சேர வேண்டுமாயின் சித்திரை ஒன்பதாம் நாளுக்குள் மதகு திறந்தாக வேண்டும். வண்டிகள் நீரைக் கண்டால்தான் நிற்கும். எம் ஓலையைக் கண்டு நில்லா. எம் ஓலைகளை அவர்கள் முன்பே கண்டவர்கள்.

இத்திருமுகத்தைக் கொணர்பவள் சாத்தியே. சித்திரை ஏழாம் நாள் தங்கள் ஊர் சேர்வாள். அவளை அரசியின் தூதராக ஏற்று, ஏரிக்கரையில் இரு மடையாரையும் கூட்டுக. தங்கள் ஓலை வாசிப்பவர் இவ்வோலையை உரக்கப் படிக்க. எழுத்து ஒருமுறை எம்மை ஏமாற்றியது. மறுமுறை யாரையும் ஏமாற்றாதிருக்க, கீழேயுள்ள ஆணை வரியில் ஒரு சொல்லை எழுதாமல் இடம் விடச் செய்திருக்கிறோம். வாசிப்பவர் அங்கே நிறுத்துக. சாத்திக்கு எழுத்துத் தெரியாது, அச்சொல் தெரியும். அவள் சொல்வாள். தன் ஊர் வழக்கப்படி எவ்வளவு நீட்டிச் சொன்னாலும் சரி, ஒருவரும் சிரிக்கலாகாது. அவள் சொல்லி முடித்ததும் தாங்களே தங்கள் கையால் அடிமதகின் முதற்கல்லைப் பெயர்த்தெடுங்கள். பின்னர் மதகின் தலையில் இதைக் கல்லிலும் வெட்டுக. கல்லில் வெட்டும்போது வெயிற்காலத்து நீர் என்றே வெட்டுக. வெயிலை வேறாகப் படிக்க எந்தப் புலமையாலும் இயலாது.

மேற்கரை இடையர் குடியும், ஏற்றங்குறிச்சிக் குடியும், நெடுவாய்க்கால் குடியும் ஒரே ஏரியின் பிள்ளைகளாய் வாழ்க. இதைக் காத்தவர் கால்பட்ட கரை உயர்க. மறுத்தவர் வீட்டு விளக்குக்கும் எண்ணெய் குறையாதிருக்க, அறிவு மட்டும் வருக. யாம் படித்தறியாததைச் சுட்டிச் சொன்னவளுக்கு எம் வணக்கம். தங்கள் கால்களுக்கு மருமகளின் வணக்கம்.

செங்கழுநீர்ப் பெருந்தேவி சொல்ல எழுதியது. நாரை இலச்சினை இட்டது. ஆணை இவ்வொரு வரியே:

பெருந்தாழி ஏரியின் . . . . . . . . நீர் நெடுவாய்க்காலுக்கு உரியது.